சென்னை – சிங்கப்பூர் விமானப் பயணம்: தூரமும் நேரமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு முதன்முறை பறக்கப் போகிறவர்களும், அவர்களை அனுப்பிவைக்கிற, அழைத்துவரப் போகிற வீட்டாரும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முதலில் தூரம் கேட்பார்கள், அப்புறம் நேரம் கேட்பார்கள். டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் மணியைப் பார்த்ததும் குழப்பம் தொடங்கும். தூரத்துக்கு ஒரே பதில்தான். நேரத்துக்கு மட்டும் பல பதில்கள்: வானில் இருக்கிற நேரம், டிக்கெட் சொல்கிற நேரம், கடிகாரம் காட்டுகிற நேரம், வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு ஆகிற நேரம். இவற்றைப் பிரித்துப் புரிந்துகொண்டால் இந்தப் பயணத்தில் தடுமாற எதுவும் இல்லை.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழித் தூரம் எவ்வளவு?

மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து சாங்கி விமான நிலையம் வரை சுமார் 2,920 கிலோமீட்டர். மைலில் சொன்னால் 1,815. விமானிகள் கணக்கிடுகிற கடல் மைலில் ஏறத்தாழ 1,580. உருண்டையான பூமியின் மேல் இரண்டு இடங்களுக்கு நடுவே ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்தால் வருகிற மிகக் குறைந்த தூரம் இது. இதைப் பெருவட்டத் தூரம் என்பார்கள். விமான நிலையத்துக்குப் பதிலாக நகரத்தின் மையத்திலிருந்து அளந்தால் சில கிலோமீட்டர் கூடும், குறையும்.

உண்மையில் விமானம் பறக்கிற தூரம் இதைவிடச் சற்று அதிகம். கிளம்பியதும் ஒரு வளைவு, இறங்கும்போது ஒரு வளைவு, நடுவில் வரையறுத்த வான்பாதைகளின் திருப்பங்கள், மேகத்தைச் சுற்றிப் போவது எல்லாம் சேர்ந்து 3,000 கிலோமீட்டரை ஒட்டி வரும்.

பறக்க எவ்வளவு நேரம் ஆகும்?

நேரடி விமானம் என்றால் நாலே கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணைகளில் 4 மணி நேரத்திலிருந்து 4 மணி 30 நிமிடம் வரை பார்க்கலாம்.

அந்த நாலே காலும் வானிலேயே கழிவதில்லை. விமானம் வாயிலை விட்டுப் பின்னோக்கித் தள்ளப்படும் நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்து நிற்கும் நொடி வரைதான் டிக்கெட்டில் உள்ள பயண நேரம். சென்னையில் ஓடுபாதை வரை ஊர்ந்து போய் முறைக்காகக் காத்திருக்க பத்து, பதினைந்து நிமிடம். சாங்கி பெரிய நிலையம், அங்கே 4 கிலோமீட்டர் நீள ஓடுபாதைகள் இருக்கின்றன. இறங்கின பிறகு வாயிலுக்கு வந்து சேர இன்னொரு பத்து நிமிடம் போகும். சக்கரம் தரையை விட்டு எழுவதிலிருந்து திரும்பத் தொடுவது வரை எடுத்தால் பெரும்பாலும் 3 மணி 40 நிமிடத்திலிருந்து 4 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

கணக்கும் எளிது. இந்த வழியில் ஓடுகிற ஏர்பஸ் 320, போயிங் 737 வகை விமானங்கள் உயரத்துக்குப் போனதும் மணிக்கு சுமார் 830 முதல் 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 2,920ஐ 850ஆல் வகுத்தால் 3 மணி 26 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு என்பதால் இருபது நிமிடம் போலக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பெரிய விமானமாக இருந்தால் சீக்கிரம் போய்விடுமா?

கொஞ்சம். ஏர்பஸ் 350, போயிங் 787 போன்றவை மணிக்கு சுமார் 900 கிலோமீட்டர் போகும். இவ்வளவு தூரத்துக்கு அதனால் மிச்சமாவது கால் மணி நேரம்தான். அதற்காக டிக்கெட்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. கால் நீட்ட இடமும் சாப்பாடும் வேண்டுமென்றால் அது வேறு கணக்கு.

போகும்போது கிட்டத்தட்ட 7 மணி நேரம், திரும்பும்போது 2 மணி நேரம்கூட இல்லை என்று டிக்கெட்டைப் பார்த்தால் தெரிகிறதே. எப்படி?

மிக அதிகமாகக் குழப்புகிற இடம் இதுதான். முதன்முறை பயணம் செய்கிற பெற்றோருக்குப் பிள்ளைகள் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

டிக்கெட்டில் கிளம்பும் மணி கிளம்புகிற ஊரின் நேரம். சேரும் மணி சேர்கிற ஊரின் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. சென்னையில் இரவு 11.15க்குக் கிளம்பினால், 4 மணி 20 நிமிடம் கழித்து உங்கள் கைக்கடிகாரத்தில் விடியற்காலை 3.35 ஆகியிருக்கும். சாங்கியின் சுவரில் அதே நொடியில் காலை 6.05. டிக்கெட்டில் “23.15 – 06.05” என்று இருக்கும். கழித்துப் பார்த்தால் 6 மணி 50 நிமிடம் வருகிறது. அதில் இரண்டரை மணி நேரம் நீங்கள் பறக்காத நேரம்.

திரும்பும்போது தலைகீழ். சிங்கப்பூரில் இரவு 8.10க்குக் கிளம்பி சென்னைக்கு 9.55க்கு வந்து சேர்வதாக இருக்கும். ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம் என்று நினைத்து, சாப்பிடாமல் ஏறிவிடாதீர்கள். அதுவும் நாலே கால் மணி நேரம்தான். மலிவுக் கட்டண விமானங்களில் சாப்பாடு பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

நள்ளிரவுக்குப் பிறகு கிளம்புகிற விமானங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 15ஆம் தேதி 00.30 என்றால், 14ஆம் தேதி இரவே சாப்பிட்டுவிட்டு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். தேதியை மட்டும் பார்த்து மறுநாள் இரவு விமான நிலையம் வந்து நிற்பவர்கள் உண்டு. அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

அதென்ன இரண்டரை மணி? முழுதாக இரண்டோ மூன்றோ இல்லாமல்?

அரை மணி நம் பக்கத்திலிருந்து வருகிறது. கிழக்குத் தீர்க்கரேகை 82.5 டிகிரியை வைத்து இந்திய நேரம் அமைந்திருக்கிறது. உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால். சிங்கப்பூர் எட்டு மணி முன்னால். வித்தியாசம் இரண்டரை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர் 1981 முடிகிற வரை ஏழரை மணி நேரக் கணக்கில்தான் இருந்தது. அப்போது சென்னைக்கும் அதற்கும் சரியாக இரண்டு மணி வித்தியாசம். மலேசியா தன் மேற்குப் பகுதியையும் கிழக்குப் பகுதியையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவர முடிவெடுத்தது. பக்கத்திலேயே இருக்கிற சிங்கப்பூரும் சேர்ந்து மாறிக்கொண்டது. 1982 ஜனவரி 1 முதல் இரண்டு நாடுகளிலும் கடிகாரம் அரை மணி முன்னால் போயிற்று.

சூரியனைக் கேட்டால் அது வேறு கணக்கு சொல்லும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே சுமார் 24 டிகிரி தீர்க்கரேகை. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் ஒரு மணி 35 நிமிடம்தான். கடிகாரம் இரண்டரை மணி சொல்கிறது, சூரியன் ஒன்றரை மணி சொல்கிறது. அதனால்தான் சிங்கப்பூரில் காலை ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது, உச்சிவெயில் பகல் ஒரு மணிக்கு வருகிறது. காலை ஆறு மணிக்கு இறங்குகிறவர்கள் வெளியே இன்னும் கும்மிருட்டாக இருப்பதைப் பார்த்துத் திகைப்பார்கள். திகைக்க வேண்டாம், அங்கே அப்படித்தான்.

உடம்புக்கும் இதனால் பெரிய சிரமம் இல்லை. ஐரோப்பா, அமெரிக்கா போய் வந்தால் வருகிற தூக்கக் குழப்பம் இதில் வராது. முதல் நாள் காலை எழுந்திருக்கத்தான் கொஞ்சம் கஷ்டம்.

பஞ்சாங்க நேரத்தை அங்கே எப்படிப் பார்ப்பது?

வீட்டுப் பெரியவர்கள் கண்டிப்பாகக் கேட்பார்கள். திதியும் நட்சத்திரமும் தொடங்குவதும் முடிவதும் உலகம் முழுக்க ஒரே கணத்தில் நடப்பவை. நம் நாட்டுப் பஞ்சாங்கத்தில் அமாவாசை மாலை 4 மணிக்கு முடிகிறது என்றால் சிங்கப்பூரில் அது 6.30. இரண்டரை மணி கூட்டினால் போதும்.

ராகு காலம் அப்படி இல்லை. அது அந்தந்த ஊர்ச் சூரிய உதயத்திலிருந்து கணக்கிடப்படுவது. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்று நாம் சொல்வது ஆறு மணிக்கு உதயம் என்று வைத்துக்கொண்டு. ஏழு மணிக்கு விடிகிற சிங்கப்பூரில் அது எட்டரை முதல் பத்து. இங்கே இருந்துகொண்டு நல்ல நேரம் பார்த்துச் சொல்கிறவர்கள் அந்த ஊர்ப் பஞ்சாங்கத்தையோ, அங்குள்ள கோயில் வெளியிடுகிற நாட்காட்டியையோ பார்ப்பது நல்லது.

போகிற நேரமும் வருகிற நேரமும் ஏன் மாறுகின்றன?

காற்று. நம் வானத்தின் காற்று உலகின் மற்ற பல வழிகளைப் போல நடந்துகொள்வதில்லை என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

வட இந்தியாவின் மேல் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து கிழக்கே மிக வேகமான காற்றோட்டம் இருக்கும். ஐரோப்பா – ஆசியா விமானங்களுக்குக் கிழக்கே வருவது எளிது, மேற்கே போவது கடினம் என்பது அதனால். சென்னை – சிங்கப்பூர் வழி அதற்கு வெகு தெற்கே, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே ஆட்சி வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவின் மேல் உயர் வானத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பெரும் காற்றோட்டம் ஓடுகிறது. தரையில் தென்மேற்கிலிருந்து காற்றடிக்கிற அதே மாதங்களில், மேலே நேர் எதிர்த் திசை. இந்த வெப்பமண்டலக் கிழக்குக் காற்றோட்டத்தை உலகுக்கு விளக்கிச் சொன்னவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். 1958ல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் அதற்கு அடிப்படை. பின்னாளில் அவர் இந்திய வானிலைத் துறையின் தலைவராகவும் இருந்தார்.

அதன் உச்ச வேகம் 14 கிலோமீட்டர் உயரத்துக்கும் மேலே. விமானங்கள் பறப்பது 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் என்பதால் அதன் முழு வலிமையும் மோதாது. ஆனாலும் பாதிப்பு தெரியும். சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று என்று வைத்துப் பார்ப்போம். சிங்கப்பூர் போகும்போது அது எதிர்க்காற்று. 850 வேகம் தரைக்கணக்கில் 800 ஆகிவிடும், 13 நிமிடம் கூடும். திரும்பும்போது முதுகில் தள்ளுகிற காற்று. 900 ஆகும், 11 நிமிடம் குறையும். ஒரே விமானம், ஒரே வழி, போக்குக்கும் வரத்துக்கும் 24 நிமிட வித்தியாசம். மற்ற மாதங்களில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் குறைந்துவிடும்.

பூமி சுழல்வதால் மேற்கே போகிற விமானம் சீக்கிரம் சேராதா?

சேராது. பூமி மேற்கிலிருந்து கிழக்காக, பூமத்திய ரேகையில் மணிக்கு சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது, உண்மை. ஆனால் நாம் பறக்கிற காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. ஓடுகிற ரயில் பெட்டிக்குள் எந்தப் பக்கம் நடந்தாலும் நமக்கு ஒரே நேரம்தானே ஆகிறது, அப்படி. சுழற்சியின் பங்கு காற்றோட்டங்களை உருவாக்குவதில் இருக்கிறது. விமானத்தை நேரடியாக அது தள்ளுவதோ இழுப்பதோ இல்லை.

விமானம் எந்த வழியாகப் போகிறது?

மீனம்பாக்கத்தை விட்டதும் கிழக்குக்குச் சற்றுத் தெற்கே திரும்பி வங்கக் கடல் மேல் ஏறும். அப்புறம் சுமார் ஒன்றரை மணி நேரம் கீழே கடலைத் தவிர வேறொன்றும் இல்லை. குறைந்த தூரக் கோட்டை வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் அது இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனைக்கு, அதாவது பெரிய நிக்கோபார் தீவின் அடிப்பகுதிக்கு, மிக அருகே போகிறது. அடுத்து சுமத்ராவின் வடமுனை. பிறகு மலாக்கா நீரிணையை ஒட்டியே தென்கிழக்காகப் போய், மலேசியாவின் மலாக்கா நகரத்தையும் ஜோகூரையும் கடந்து சிங்கப்பூர். அன்றன்றைக்கான வான்பாதை இந்தக் கோட்டிலிருந்து வடக்கேயோ தெற்கேயோ விலகலாம். பகல் பயணத்தில் வானம் தெளிவாக இருந்தால் பாதி வழிக்குப் பிறகு சன்னல் இருக்கைக்காரர்களுக்குப் பச்சைத் தீவுகளும், நீரிணையில் வரிசை கட்டி நிற்கிற கப்பல்களும் தெரியும்.

ராசேந்திர சோழன் 1025ஐ ஒட்டி அனுப்பிய கடற்படை தொட்ட இடங்கள் என்று அவன் புகழைப் பாடும் கல்வெட்டு வரிகளான மெய்க்கீர்த்தி சொல்கிற பட்டியலில் மாநக்கவாரம் இருக்கிறது, இலாமுரிதேசம் இருக்கிறது, கடாரம் இருக்கிறது. இன்றைய நிக்கோபார், சுமத்ராவின் வடமுனை, மலேசியாவின் கெடா. முதல் இரண்டும் ஏறக்குறைய இந்த விமானக் கோட்டின் அடியிலேயே இருக்கின்றன, கெடா கொஞ்சம் வடக்கே தள்ளி. சன்னல் வழியே பார்க்கிற தமிழருக்கு இது நினைவுக்கு வரவேண்டும் என்று எனக்கு ஆசை.

கரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தாண்டினால் சாதாரண வானொலியும் கரையோர ரேடாரும் எட்டாது. அங்கே செயற்கைக்கோள் வழியாகவும் நெடுந்தூர வானொலி வழியாகவும் விமானம் தன் இடத்தைச் சொல்லிக்கொண்டே போகும். கிழக்கே போகிறவை 33, 35, 37 ஆயிரம் அடி என்று ஒற்றைப்படை உயரங்களிலும், மேற்கே வருகிறவை 34, 36, 38 என்று இரட்டைப்படை உயரங்களிலும் பறப்பது பொது விதி. எதிரெதிரே வருகிற இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஆயிரம் அடி இடைவெளி எப்போதும் இருக்கும்.

நடுக்கடலில் ஒரு என்ஜின் நின்றுவிட்டால்?

இரட்டை என்ஜின் விமானம் ஒரே என்ஜினில் பறந்து இறங்கக்கூடியது. அப்படிப் பறந்து எந்த நிலையத்தில் இறங்கலாம் என்பதைக் கிளம்பும் முன்பே திட்டத்தில் எழுதிவைத்திருப்பார்கள். இந்த வழியில் போர்ட் பிளேர், கொழும்பு, பண்டா ஆச்சே, மேடான், பினாங்கு எல்லாம் இருக்கின்றன.

திருச்சி இன்னும் தெற்கே இருக்கிறதே. அங்கிருந்து சிங்கப்பூர் பக்கம்தானே?

இல்லை. சிங்கப்பூர் நமக்குத் தெற்கே என்பதைவிடக் கிழக்கே என்பதுதான் சரி. தமிழ்நாட்டுக்குள் பார்த்தால், எவ்வளவு கிழக்கே இருக்கிறீர்களோ அவ்வளவு பக்கம். சென்னையைவிடத் திருச்சி மேற்கே தள்ளி இருப்பதால் அங்கிருந்து சுமார் 2,980 கிலோமீட்டர். மதுரையிலிருந்து சுமார் 3,010, கோயம்புத்தூரிலிருந்து சுமார் 3,160. வெகு தெற்கே இருக்கிற கொழும்பு விமான நிலையத்திலிருந்து மட்டும் சுமார் 2,750.

ஆனால் தூரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், சிவகங்கைப் பக்கத்துக்காரர்கள் சென்னைக்கு வந்து ஏறுவதென்றால் ஆறேழு மணி நேரச் சாலைப் பயணம், அதுவும் பெட்டிகளோடு. வானில் 60 கிலோமீட்டர் கூடுதல் என்பது நாலு நிமிடம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் உண்டு. 2024ல் திறந்த புதிய முனையமும் இடவசதியாக இருக்கிறது. டிக்கெட் ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலாக இருந்தாலும் வயதானவர்களுக்கு அங்கிருந்து ஏற்றிவிடுவதே மேல் என்பது என் கருத்து.

கோலாலம்பூர் வழியாகப் போனால் சுற்று அதிகமா?

தூரத்தில் சுற்றே இல்லை. சென்னை – கோலாலம்பூர் சுமார் 2,630 கிலோமீட்டர். அங்கிருந்து சிங்கப்பூர் சுமார் 297. கூட்டினால் 2,927. நேரடித் தூரமும் கிட்டத்தட்ட அதேதான். கோலாலம்பூர் நேர்க்கோட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் நேரம்? இறங்கி, மாறி, மறுபடி ஏறுவதில் ஏழு எட்டு மணி நேரம் ஆகிவிடும், இணைப்பு சரியாக அமையாவிட்டால் இன்னும் மேலே. கொழும்பு வழி தூரத்திலும் 480 கிலோமீட்டர் போலக் கூடுதல். கட்டணம் நன்றாகக் குறைந்தால், இளைஞராக இருந்தால், போகலாம். ஒன்று மட்டும் பாருங்கள்: இரண்டு பயணங்களும் ஒரே டிக்கெட்டில் இருக்கின்றனவா? தனித்தனியாக வாங்கியிருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் அந்த நஷ்டம் உங்களுடையது. பெட்டியை நடுவில் எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கலாம், அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதியும் தேவைப்படலாம்.

எந்த மாதங்களில் தாமதம் அதிகம்?

சென்னைப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையம் சில நாட்கள் மூடியே கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், 2024 நவம்பர் 30ல் ஃபெஞ்சல் புயல் என்று ஓடுபாதை மூடிய நாட்கள் இருக்கின்றன. அந்த மாதங்களில் கல்யாணத்துக்கோ வேலையில் சேரவோ போகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகவே கிளம்புவது நல்லது. போகிப் பண்டிகை அதிகாலையும் கவனிக்க வேண்டியது. பழையன கொளுத்துகிற புகையும் பனியும் சேர்ந்தால் ஓடுபாதை தெரியாது. 2018 போகியன்று பல விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன.

சிங்கப்பூர்ப் பக்கம் பிற்பகல் இடிமழை சாதாரணம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வருகிற பலத்த காற்றுமழை வரிசை ஒன்று உண்டு. அது பெரும்பாலும் விடியலுக்கு முன்னோ காலையிலோ சிங்கப்பூரை அடிக்கும். சென்னையிலிருந்து இரவில் கிளம்புகிற விமானங்கள் சேர்கிற நேரமும் அதுவே. அப்போது கடல் மேல் வட்டமடித்துக் காத்திருக்க வேண்டி வரலாம். அதற்கான எரிபொருள் கையில் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை.

வழியில் குலுக்கல் அதிகமா?

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் மேகங்கள் விமானம் பறக்கும் உயரத்தையும் தாண்டி 15 கிலோமீட்டர் வரை வளரும். மேலே ஏறித் தாண்ட முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். கடைசி ஒன்றரை மணி நேரத்தில் கொஞ்சம் குலுங்கலாம். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன ஒரு விமானம் மியான்மர் மேல் திடீர்க் குலுக்கலில் சிக்கி, ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். அப்படி நடப்பது மிக அரிது. ஆனாலும் பெல்ட் போடச் சொல்கிற விளக்கு அணைந்திருந்தாலும் உட்கார்ந்திருக்கும்வரை பெல்ட்டைத் தளர்வாகவாவது போட்டுக்கொண்டே இருங்கள். போர்வைக்கு மேலே போட்டுக்கொண்டால் பணிப்பெண் எழுப்பிக் கேட்க வேண்டியிருக்காது.

மாத்திரை, இன்சுலின் நேரத்தை எப்படி மாற்றுவது?

இரண்டரை மணி வித்தியாசம் பெரிதில்லை. ஒரு நாளைக்கு ஒரு வேளை மாத்திரை என்றால் பெரும்பாலும் அங்கத்து நேரத்துக்கு மாறிக்கொள்ளலாம். இன்சுலின், வலிப்பு மாத்திரை, இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள் கிளம்பும் முன் தங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மருந்து எதுவானாலும் கைப்பையில், மருந்துச் சீட்டோடு. கீழே போடுகிற பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள்.

விமானத்துக்கு முன்னால் இந்தப் பயணம் எவ்வளவு நாள்?

சென்னைத் துறைமுகத்தில் ஏறி, நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகிற கப்பல்கள் இருந்தன. நடுவில் நின்று ஆளும் சரக்கும் ஏற்றி இறக்கிப் போக ஒரு வாரம் போல ஆகும். ‘ரஜுலா’ என்ற கப்பல் 1926 முதல் 1973 வரை ஓடியது. இன்றைய சிங்கப்பூர், மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் தாத்தா பாட்டி அதில் வந்தவர்கள். அதற்குப் பிறகு ‘சிதம்பரம்’ கப்பல். 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர். அத்தோடு அந்தக் கப்பல் வழி முடிந்துபோனது.

மொத்தத்தில் வீட்டிலிருந்து வீட்டுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

பத்து மணி நேரம். சென்னை விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். பெட்டி போடும் கவுன்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். இரவு பத்து மணிக்கு மேல் குடிநுழைவு (இமிக்ரேஷன்) வரிசை நீளமாகிவிடும், பல நாட்டு விமானங்கள் ஒரே சமயத்தில் கிளம்புகிற நேரம் அது. நகரத்துக்குள்ளிருந்து வருகிறவர்கள் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலை நினைத்து மெட்ரோவில் வந்துவிடலாம்.

சாங்கியில் வேலை சீக்கிரம் முடியும், ஒரு விஷயத்தை முன்பே செய்திருந்தால். சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், வந்து சேரும் நாளையும் சேர்த்து 3 நாட்களுக்குள். அந்நாட்டுக் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் இது இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தனியாகத் தேவை. வருகை அட்டை விசா ஆகாது.

அழைத்துவர எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

டிக்கெட்டில் உள்ள சேரும் நேரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். விமான எண்ணைக் கேட்டு வாங்கி, அன்றைக்கு அது எத்தனை மணிக்கு உண்மையில் கிளம்பியது என்று இணையத்தில் பாருங்கள். சாங்கியில் வானுக்கு எழுந்த நேரத்தோடு 3 மணி 50 நிமிடம் கூட்டி, இரண்டரை மணி கழித்தால் சென்னையில் தரை தொடும் நேரம் ஏறக்குறைய வந்துவிடும். சுருக்கமாக, சிங்கப்பூர் மணியோடு ஒன்று இருபது கூட்டினால் போதும்: அங்கே 8.30க்கு எழுந்தால் இங்கே 9.50. தரை தொட்டதிலிருந்து குடிநுழைவு, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வர முக்கால் மணி முதல் ஒன்றேகால் மணி நேரம் வரை ஆகும். இரவு 11 மணியை ஒட்டி மெட்ரோ நின்றுவிடுவதால், அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு வண்டியை முன்பே சொல்லிவைத்துவிடுங்கள்.